நூற்றுப் பன்னிரண்டு விநாடிகள்

பசுங்கரை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்ததும் முதலில் எழுந்து ஓடுகிறவர் வேதாசலம்தான். சுற்றுவட்டாரத்தில் தோல் பதனிடும் டேனரிகள் இருபத்திரண்டின் கழிவுநீர் பூமிக்கடியில் குழாய் வழியாக வந்து அங்கே ஒரே தொட்டியில் விழுகிறது. தொட்டியை ஒட்டி, தரைக்குக் கீழே இருபது படி இறங்கினால் பம்ப் ரூம். கரண்ட் போனால் பம்புகள் நின்றுவிடும். ஜெனரேட்டர் வந்தாலும் தாமாக ஓடா. யாராவது கீழே போய் வால்வைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். கால் மணி தாமதித்தால் தொட்டி நிரம்பி ரோட்டுக்கு வந்துவிடும். பத்தொன்பது வருஷமாகப் பகல் ஷிப்டில் அந்த யாராவது, வேதாசலம்.

ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அப்படி இறங்கியவர், ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்பில் கல் குத்தியிருக்கும் போல என்றுதான் மேலே நின்ற ஆபரேட்டர் காஷிஃப் நினைத்தான். ஆனால் வேதாசலத்தின் தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது. காஷிஃப் கத்திக்கொண்டே வாசலில் தொங்கிய மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினான். அவரது இரு கக்கத்திலும் கை கொடுத்துப் படிப்படியாக இழுத்து மேலே கொண்டுவந்து போட்டான். இன்னும் நாலு படி இறங்கியிருந்தால் அவரைப் பிணமாகத்தான் தூக்கியிருப்பார்கள். டேனரிக் கழிவு தேங்கினால் கிளம்பும் வாயு அப்படிப்பட்டது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு மீறினால் மூக்கே மரத்துப்போய் நாற்றமும் தெரியாது.

நிலையத்தின் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் சோபனா. முப்பத்து மூன்று வயது. காவேரிப்பாக்கத்துப் பெண், கல்யாணமாகிச் சத்துவாச்சாரிக்கு வந்தவள். பம்ப் ரூம் வாசலில் இருக்கும் வாயு எச்சரிக்கைப் பெட்டி அவள் பொறுப்பில்தான் இருந்தது. கீழே நாலு சென்சார், மேலே சாம்பல் நிறப் பெட்டி, அதன் தலையில் ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. பச்சை எரிந்தால் இறங்கலாம். சிவப்பு எரிந்தால் இறங்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் புரியும். அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரையே கேட்டாள்.

"அண்ணா, நீங்க எறங்குறப்ப வெளக்கு இன்னா கலர்ல இருந்துச்சு?"

"கலரே இல்ல மேடம். அணைஞ்சிருந்துச்சு." அவருக்கு இன்னும் தொண்டை கட்டியிருந்தது. "செவப்பு இல்லியே, போலாம்னு போனேன்."

அந்தப் பதில் சோபனாவைத் தூங்கவிடவில்லை. பெட்டியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். கரண்ட் போனது பத்து ஐம்பத்தெட்டுக்கு. பதினோரு விநாடியில் ஜெனரேட்டர் எடுத்துவிட்டது. ஆனால் பெட்டிக்குள் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து முதல் அளவை எழுத நூற்றுப் பன்னிரண்டு விநாடி ஆகியிருந்தது. அந்த இடைவெளியில்தான் வேதாசலம் இறங்கியிருக்கிறார். கரண்ட் போனால் கீழேயிருக்கும் காற்றாடியும் நின்றுவிடும், வாயு சேரும். ஆக, பெட்டி எப்போது மிகவும் தேவையோ அப்போதெல்லாம் அது தூங்கிக்கொண்டிருந்தது. மாட்டியதிலிருந்து இரண்டு வருஷமாக, ஒவ்வொரு நாளும்.

சோபனா சும்மா இருக்கவில்லை. கரண்ட் வந்து மூன்று நிமிஷம் யாரும் இறங்கக் கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டினாள். வியாழக்கிழமை ஒரே நாளில் எட்டுத் தடவை கரண்ட் போனது. மூன்றாவது தடவைக்கு மேல் யாரும் காத்திருக்கவில்லை. தொட்டி நிரம்புவது கண்ணுக்குத் தெரிகிறது, வாயு தெரிவதில்லையே. யூபிஎஸ் வைத்துப் பார்த்த கதையும் பழசு. அந்தக் காற்றில் செம்பு கறுத்துவிடும். வைத்த இரண்டு யூபிஎஸ்ஸும் இணைப்புகள் அரிபட்டு, செத்ததைக்கூட யாருக்கும் சொல்லாமல் செத்தன. பெட்டியைச் செய்து கொடுத்த சென்னைக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. புதிய கருவி வாங்கலாம் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார், ஆனால் அது வந்து சேர ஆறு மாதமாகும் என்றார்.

"ஆறு மாசத்துல எத்தினி தடவ கரண்ட் போவும் சார்?" என்று சோபனா கேட்டாள்.

காஷிஃப்தான் வழி சொன்னான். "மேடம், எங்க பாபி கம்ப்யூட்டர் வேலை தான் பண்றாங்க. ஆபீஸ் வேலை மாதிரி இல்ல. மெஷினுக்குள்ள இருக்குற கர்னல்னு ஏதோ சொல்வாங்க. அத்தப் பத்திதான் போன்ல நாள் பூரா பேசுவாங்க. கேட்டுப் பாக்கவா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முபஷ்ஷிரா தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். காஷிஃப் சொன்ன பாபி, அவன் அண்ணன் மனைவி. மேல்விஷாரத்தில் பிறந்து அங்கேயே படித்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். சோபனாவுக்கு ஏறக்குறைய சம வயது. கறுப்புப் புர்காவும் தோளில் பையும் காலில் ஷூவுமாக வந்தவள், பெட்டி எங்கே என்று கேட்கவில்லை.

"கரண்ட் போறப்போ அந்த அண்ணா எங்க உக்காந்திருப்பார்?" என்று கேட்டாள்.

சோபனா ஷெட்டில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். முபஷ்ஷிரா அதில் உட்கார்ந்தாள். போனில் கடிகாரத்தை ஓடவிட்டு எழுந்து, அவசரமாகப் போகிற ஆள் நடக்கிற மாதிரி நடந்து, பம்ப் ரூமின் முதல் படியில் போய் நின்றாள். திரும்பி வந்து இன்னொரு முறை நடந்தாள். அப்புறம் காஷிஃபை ஓடச் சொன்னாள்.

"நடந்தா இருவத்து நாலு செகண்டு. ஓடினா ஒம்பது," என்றாள். "நம்ம பொட்டி ஓடுற ஆளுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும். அஞ்சு செகண்டுக்குள்ள."

நூற்றுப் பன்னிரண்டு எங்கே, ஐந்து எங்கே. சோபனா தலையாட்டினாள். ஆனால் வந்த பெண் பெட்டியைத் தொடும் முன்பே மனுஷன் கால் நடையை அளந்ததை அவள் கவனித்துக்கொண்டாள். பெட்டியைச் செய்த கம்பெனிக்காரர்கள் அந்தப் படியில் ஒரு முறையாவது வந்து நின்றிருப்பார்களா?

ஸ்டோரில் அதே மாதிரி இன்னொரு பெட்டி உபரியாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் கை வைக்கவே கூடாது என்று முபஷ்ஷிரா உறுதியாகச் சொல்லிவிட்டாள். உபரிப் பெட்டியை எலக்ட்ரிகல் ரூம் மேசையில் திறந்து வைத்தார்கள். அவள் உள்ளே இருந்த எலக்ட்ரானிக் போர்டில் மூன்று ஊசிகளைத் தேடிப் பிடித்து, மெல்லிய ஒயர் மாட்டி, லேப்டாப்பில் சொருகினாள். "இப்ப கரண்ட் குடுங்க."

திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் விநாடிக் கணக்கு. சோபனாவுக்கு அது மழை மாதிரி தெரிந்தது. முபஷ்ஷிரா அதை யாரோ தன்னிடம் பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துப் படித்தாள்.

"கரண்ட் வந்ததும் மொதல்ல எழுந்திரிக்கிறது கர்னல்தான்," என்றாள். "மெமரி எவ்ளோ, இந்தக் கம்பியில யாரு, அந்தக் கம்பியில யாருன்னு அதுதான் விசாரிக்கும். மத்த ப்ரோக்ராம் எல்லாம் அது சொன்னப்புறம்தான் கண்ணைத் திறக்கும். உங்க சென்சாரப் படிக்கிற ப்ரோக்ராம் கடைசியில நிக்குது. இங்க பாருங்க. சவுண்டு கார்டு இருக்கான்னு கேக்குது. இல்ல. கேமரா? இல்ல. புளூடூத்? அதுவும் இல்ல. இந்த லைன்ல பாருங்க, பத்து செகண்டு சும்மா நிக்குது. டிவி ஸ்கிரீன் மாட்டுவாங்களான்னு பாக்குது."

"இதுக்கு எதுக்கு டிவி?"

"அதானே! இதே சிப்பை டிவிப் பொட்டியில போடுவாங்க, கார்ல போடுவாங்க, பொம்மையில போடுவாங்க. எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒரே கர்னல் ஒண்ணு கெடைக்கும். அந்தக் கம்பெனி அதை அப்படியே எடுத்துப் போட்டுட்டாங்க. ஓடுது இல்ல, போதும்னு விட்டுட்டாங்க."

சோபனாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "எழுந்திரிக்க எவ்ளோ நேரமானா இன்னா, கரண்ட் வந்த உடனே செவப்பு எரிய வெச்சுட்டா போதாதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே மறுத்தாள். "இல்ல. அது ஆவாது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் சும்மாவே செவப்பு எரிஞ்சா, ஒரு வாரத்துல செவப்புக்கு மரியாதை போய்டும். நெஜமாவே கேஸ் வந்தாலும் எறங்குவாங்க."

முபஷ்ஷிரா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"அப்போ ரெண்டும் வேணும். மொதல்ல செவப்பு, உடனே உண்மை," என்றாள். "எனக்குக் கர்னல் தெரியும் சோபனா. உங்க பொட்டி தெரியாது. எந்தக் கம்பி எங்கேருந்து எங்க போவுதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும். படம் எதுவும் இல்லியே."

அந்த வாரம் முழுக்கச் சோபனா மதிய இடைவேளைகளில் மீட்டரும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தாள். போர்டின் ஒவ்வொரு ஊசிக் காலையும் தொட்டு, எது எதோடு சேர்கிறது என்று ஷிப்ட் தாளின் பின்புறத்தில் வரைந்தாள். சிவப்பு விளக்கின் ரிலே இந்தக் கால். பச்சை அந்தக் கால். நாலு சென்சாரின் கம்பிகளும் ஒரு சின்னச் சிப்பில் வந்து சேர்கின்றன, அது கம்ப்யூட்டருக்கு எண்ணாக மாற்றிச் சொல்கிறது. அந்தச் சிப்புக்குக் கரண்ட் கொடுக்கத் தனியாக ஒரு குட்டி ஸ்விட்ச். அதையும் கம்ப்யூட்டர்தான் போடுகிறது. டிப்ளமோ முடித்த பிறகு இவ்வளவு ஆசையாக அவள் எதையும் வரைந்ததில்லை.

அடுத்த ஞாயிறு மேல்விஷாரத்தில் முபஷ்ஷிராவின் வீட்டு மாடியில், உபரிப் பெட்டியோடு இருவரும் உட்கார்ந்தார்கள். லேப்டாப் திரையில் நீல நிறத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. கர்னலைக் கட்டுவதற்கு முன்னால் அது கேட்கும் கேள்விகள். இது வேண்டுமா, வேண்டாமா, தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னொரு பட்டியல், அதற்குள் இன்னொன்று. ஆயிரக்கணக்கில் இருந்தன. ஓடிக்கொண்டிருந்த பழைய கர்னலிடமிருந்தே அதன் பழைய பதில்களை முபஷ்ஷிரா உருவி எடுத்திருந்தாள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தாள்.

"ஜாய்ஸ்டிக். வீடியோ கேம் வெளையாடுவீங்களா பம்ப் ரூம்ல?"

"வேதாசலம் அண்ணாவுக்கு வேணா கேட்டுச் சொல்றேன்."

இருவரும் சிரித்தார்கள். ஜாய்ஸ்டிக் போயிற்று. ஒலி போயிற்று, படம் போயிற்று, வைஃபை போயிற்று, யாரும் கேள்விப்படாத பழைய டிஸ்க் வகைகள் முப்பதும் போயின. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவில்லை. பத்துப் பதினைந்து எடுத்ததும் நிறுத்துவாள். கர்னலைக் கட்டிப் பெட்டியில் ஏற்றி, எழுகிறதா என்று பார்ப்பாள். எழுந்தால் எத்தனை விநாடி என்று எழுதுவாள். எழாவிட்டால் கடைசியாக எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வைப்பாள். சென்சார்ச் சிப்போடு பேசும் பகுதியைப் பழைய கர்னல் கடைசியில்தான் எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதை அவள் கர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டாள். சோபனா வரைந்த தாளைப் பக்கத்தில் வைத்து, எந்தக் காலில் யார் இருக்கிறார் என்பதை ஒரு தனிக் கோப்பில் வரிவரியாக எழுதினாள். இனி அது யாரையும் தேட வேண்டியதில்லை, தெரிந்தவர்களை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

ஓரிடத்தில் சோபனாவே அவசரப்பட்டாள். "இது இன்னா, வாட்ச்டாக்? நமக்கு எதுக்கு? எடுத்துட்டா இன்னும் கம்மி ஆவும் இல்ல?"

"இது இருக்கட்டும்," என்றாள் முபஷ்ஷிரா. "கர்னலே எங்கியாவது மாட்டிக்கிட்டு நின்னுட்டா, இதுதான் அதைத் திரும்ப எழுப்பும். நம்பரைக் கம்மி பண்றதுக்காக நான் வரல சோபனா. ஆளு கீழ போறாரு இல்ல."

அன்று சாயங்காலத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு அறுபதாயிற்று, அறுபது பத்தொன்பதாயிற்று. அதற்கடுத்த வாரம் ஏழு. கடைசியில் ஒரு நாள் மதியம் முபஷ்ஷிராவிடமிருந்து போனில் ஒரு படம் மட்டும் வந்தது. திரையில் ஒரு வரி: மூன்று புள்ளி இரண்டு விநாடி. சோபனா அதை எலக்ட்ரிகல் ரூமில் நின்றபடியே மூன்று முறை பார்த்தாள். கொண்டாட வேண்டும் போல இருந்தது. காஷிஃபைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாபி சொன்னா செஞ்சுடுவாங்க மேடம்," என்றான் அவன், தானே செய்தது போல.

ஆனால் முபஷ்ஷிரா கொண்டாட வரவில்லை. பெட்டியோடு வந்தவள், "இப்ப ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடணும். இருநூறு தடவை," என்றாள். "பரிசோதனை கேஸ் வெச்சிருக்கீங்க இல்ல? சிலிண்டர்ல வருமே. அத்த ஒரு சென்சாருக்குக் காட்டிக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு தடவையும் எழுந்து செவப்பு காட்டணும். ஒரு தடவை கூடத் தப்பக் கூடாது."

அந்த வேலைக்கு வேதாசலம் தானாக வந்து நின்றார். டாக்டர் ஒரு மாதம் பளு வேலை வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் ஆபீசில் சும்மா உட்கார்ந்து பேஜாராகியிருந்தார். மேசை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ப்ளக்கைப் பிடுங்குவார். மனசுக்குள் பத்து எண்ணுவார். போடுவார். சிவப்பு. நோட்டில் ஒரு கோடு. மறுபடி பிடுங்குவார். வேறு யாராவது என்றால் இருபதில் அலுத்திருப்பார்கள். அவர் முகத்தில் அலுப்பே இல்லை. ஒவ்வொரு முறையும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபத்து மூன்றாவது தடவை அவர் கோடு போடவில்லை.

"மேடம். பச்ச வந்துச்சு."

சோபனா திரும்பிப் பார்த்தாள். சிலிண்டரின் குழாய் சென்சார் மேல்தான் இருந்தது, வாயு வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியின் தலையில் பச்சை அழகாக எரிந்தது. வேதாசலம் பிடுங்கி மறுபடி போட்டார். சிவப்பு. அதன் பிறகு ஐம்பது தடவையும் சிவப்பு.

"ஒயர் லூசா இருக்கும் பாபி," என்றான் காஷிஃப்.

முபஷ்ஷிரா வேதாசலத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சரியாப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. பச்ச. கீழ போலாம்னு சொல்லுச்சு." அவர் நிதானமாகச் சொன்னார். "நானா இருந்தா போயிருப்பேன்."

"அப்போ ஒயர் இல்ல," என்றாள் முபஷ்ஷிரா. லேப்டாப்பை மூடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரண்டு நாள் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. சோபனா போன் செய்யவும் தயங்கினாள். நூற்றுச் சொச்சத்தில் ஒன்று. அதை முபஷ்ஷிரா தற்செயல் என்று தள்ளியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது, பழைய பெட்டியைவிட இது எவ்வளவோ மேல். மூன்றாம் நாள் காலை அவளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"உங்க படத்துல ஒரு குட்டி ஸ்விட்ச் போட்டிருந்தீங்களே, சென்சார்ச் சிப்புக்குக் கரண்ட் குடுக்கறது. அதான்," என்றாள். "ஸ்விட்ச் போட்டப்புறம் அந்தச் சிப் நிமிர்ந்து நிக்கக் கொஞ்சம் நேரம் வேணும். ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. பழைய கர்னல் ஆடி அசைஞ்சு வந்ததால இது வெளிய தெரியவே இல்ல. இப்ப நம்ம கர்னல் பாய்ஞ்சு போய் அது எழுந்திரிக்கறதுக்குள்ள பேர் கூப்பிட்டுடுது. எப்பவாவது ஒரு தடவை அது பதில் சொல்றதில்ல."

"பதில் சொல்லலைன்னா?"

"அங்கதான் என் தப்பு." முபஷ்ஷிரா அதை மறைக்கவோ மெழுகவோ முயலவில்லை. "பதில் வரலைன்னா, சிப்போட பேசுற பகுதி ஸைபர்னு எடுத்துக்குது. கேஸ் ஸைபர்னா பச்ச. ப்ரோக்ராம்ல அந்த எடத்தை நான் படிச்சேன் சோபனா. கண்ணு முன்னாடி இருந்துச்சு. கவனிக்காம வந்துட்டேன். அண்ணா கவனிச்சாரு."

அவள் செய்த திருத்தம் இரண்டே இடத்தில். அந்த ஸ்விட்சைப் போட்ட பின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று கர்னலிடம் சொல்லும் ஒரு வரி. பதில் வராவிட்டால் ஸைபர் என்று பொய் சொல்லாமல், தெரியவில்லை என்று சொல்லும் இன்னும் சில வரிகள். தெரியவில்லை என்றால் சிவப்பு. மொத்தம் பத்து வரிகூட வராது. அதைக் கண்டுபிடிக்க அவள் சிப்பின் விவரத் தாள் நூற்று நாற்பது பக்கத்தையும் படித்திருந்தாள். சோபனா இவ்வளவு படித்தவர்களைப் பார்த்திருக்கிறாள். தப்பு என்னுடையது என்று இப்படி நேருக்கு நேர் நின்று சொன்னவர்களை அதிகம் பார்த்ததில்லை.

இந்த முறை ஐந்நூறு தடவை பிடுங்கிப் போட்டார்கள். வேதாசலம் வேறு யாரையும் ப்ளக்கைத் தொடவிடவில்லை. மூன்று நாள், ஐந்நூறு கோடு, ஐந்நூறு சிவப்பு. சிலிண்டரை மூடிவிட்டு இன்னொரு நூறு தடவை. ஒரு கணம் சிவப்பு, பிறகு பச்சை, நூறு முறையும் அப்படியே. எழும் நேரம் மூன்று புள்ளி மூன்று விநாடி. அதன் பிறகுதான் முபஷ்ஷிரா பெட்டியைப் பம்ப் ரூம் வாசலில் மாட்டச் சம்மதித்தாள். பழைய பெட்டியைக் கழற்றிச் சோபனா ஸ்டோரில் வைத்தாள். விளக்கு அணைந்திருந்தால் ஜெனரேட்டர் வரும் வரை மேலேயே நிற்க வேண்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். இப்போது அது யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் தண்ணீர் ஓடியது. டேனரிக் கழிவோடு மழைத் தண்ணீரும் சேர்ந்து தொட்டி எந்நேரமும் விளிம்பில் நின்றது. ஒரு மதியம் மூன்று மணிக்கு இடி இடித்துக் கரண்ட் போனது. சோபனா அப்போது ஜெனரேட்டர் பக்கத்தில்தான் இருந்தாள். வேதாசலம், டாக்டர் சொன்ன மாதமெல்லாம் முடிந்து, மறுபடி பகல் ஷிப்டுக்கு வந்திருந்தார். ஜெனரேட்டர் உறுமியதும் நாற்காலியை விட்டு எழுந்தார். மழையில் தலைமேல் கோணியைப் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பாதி வழி போவதற்குள் விளக்கு சிவப்பாக எரிந்துவிட்டது. முதல் படிக்கு வந்தபோதும் சிவப்பு.

அவர் நின்றார்.

சோபனா ஓடி வந்தாள். பெட்டியின் சின்னத் திரையில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது சென்சாரில் அளவு ஏறியிருந்தது. மழைத் தண்ணீர் வேகமாக விழுந்ததில் அடியில் கிடந்த சேறு கலங்கியிருக்க வேண்டும். நாற்றம் கொஞ்சமும் இல்லை. தொட்டியில் தண்ணீர் விரல் விரலாக ஏறிக்கொண்டிருந்தது. காஷிஃப் இரண்டு முறை அதை எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, வழிஞ்சுடும் போல..."

"வழியட்டும்," என்றார் வேதாசலம். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு விளக்கையே பார்த்தபடி நின்றார். "கழுவிக்கலாம்."

காற்றாடி ஓடி, அளவு இறங்கி, விளக்கு பச்சையாக ஒன்பது நிமிஷமாயிற்று. அவர் இறங்கிப் போய்ப் பம்பைப் போட்டுவிட்டு மேலே வந்தார். தொட்டி வழியவுமில்லை. மூவரும் நனைந்தபடி ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். சோபனா பெட்டியின் பதிவை எடுத்து முபஷ்ஷிராவுக்கு அனுப்பினாள். ஜெனரேட்டர் வந்து மூன்று புள்ளி மூன்றாவது விநாடியில் முதல் அளவு. அன்று வேதாசலம் படிக்கு வந்து சேர்ந்தது இருபத்தெட்டாவது விநாடியில். பதிலுக்கு முபஷ்ஷிராவிடமிருந்து இறைவனுக்கு நன்றி சொல்லும் ஒரு வார்த்தை வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்."

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள்.

"சோபனா, உங்க பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க? அந்த அண்ணா பேரு?"

"எதுக்கு?"

"அந்தப் பொறுத்துப் போற வரி இருக்கு இல்ல, அத்த உலகம் பூரா எல்லாரும் எடுத்துக்கற பொதுவான கர்னலுக்கு அனுப்பப் போறேன். இதே போர்டை வேற ஊர்ல, வேற நாட்டுல யார் யாரோ வெச்சிருப்பாங்க. அவங்க யாராவது இதே மாதிரி வேகமாக்கினா இதே குழியில விழுவாங்க. அனுப்பறப்போ தப்பைக் கண்டுபிடிச்சது யாரு, சோதிச்சது யாருன்னு பேர் போடணும். அது வழக்கம். கண்டுபிடிச்சது அண்ணா. சோதிச்சது நீங்க ரெண்டு பேரும்."

"செஞ்சது நீங்க."

"அதுக்கும் ஒரு எடம் இருக்குது. அங்க என் பேர் வரும்," என்று அவள் சிரித்தாள்.

எங்கேயோ ஒரு நாட்டில் இருந்த, கர்னலின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஆள், விளக்கத்தில் ஒரு வாக்கியம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினாராம். அவள் மாற்றி எழுதினாள். மூன்று வாரம் கழித்து அவர் ஏற்றுக்கொண்டார். முபஷ்ஷிரா அனுப்பிய பக்கத்தைச் சோபனா மதிய டீ வேளையில் வேதாசலத்திடம் காட்டினாள்.

"இதுல உங்க பேர் இருக்குதுண்ணா."

வேதாசலம் டீ கிளாசைக் கீழே வைத்தார். "என் பேரா? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு இல்ல. தப்பைக் கண்டுபிடிச்சவருன்னு போட்டிருக்காங்க. கீழ என் பேரு. இங்க முபஷ்ஷிரா பேரு. இது இனிமே எந்த ஊர் கம்ப்யூட்டர்ல அந்தக் கர்னலை வெச்சாலும் அதோட வரலாற்றுல இருக்குமாம்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். காஷிஃப் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என் பேர் எங்க மேடம்?" என்றான்.

"ஒயர் லூசுன்னு சொன்னியே, அதுக்கா?" என்றார் வேதாசலம்.

ஷெட்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் அவர் போனைச் சோபனாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இனிஷியல் போடலியே மேடம்," என்றார். "எங்க அப்பா பேரு கோவிந்தசாமி. ஜி போடணும். அந்தப் பொண்ணாண்ட சொல்லி மாத்த முடியுமா?"

சோபனா அங்கேயே முபஷ்ஷிராவைக் கூப்பிட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இனிமே மாத்த முடியாதாம்ண்ணா. எல்லா எடத்துக்கும் போய்டுச்சாம். மன்னிச்சுக்கச் சொன்னாங்க. அடுத்த தடவை தப்பு கண்டுபிடிச்சா இனிஷியலோட போடறாங்களாம்."

வேதாசலம் டீ கிளாசை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"போடட்டும்," என்றார். "அந்தப் பொண்ணு கைல தப்பு கெடைக்கறது கஷ்டம். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க."